மலைக் கொடியும் பள்ளத்தாக்குக் கொடியும்

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் வடநாட்டுப் பூண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் மளிகை வியாபாரிகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மலைப்பூண்டு பார்வைக்குச் சிறியது, பளபளப்பு கிடையாது. ஆனால் காரம் அதிகம், மணம் அதிகம், காற்றோட்டமாகக் கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் தாங்கும். சிறுமலை வாழைப்பழமும் அப்படியே. காய் சிறிது, தோல் கொஞ்சம் கெட்டி, பழுத்து வாடினாலும் உள்ளே சதை அழுகுவதில்லை. அந்த மலைவாழைக் கன்றை நம் பாகூர் வண்டலில் கொண்டு வந்து நட்டால் மரம் செழிப்பாக வளரும், தாரும் பெரிதாக வரும். அந்த மணம் மட்டும் வராது என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள்.

திராட்சைக்கும் இந்தக் கணக்கு உண்டு. உலகத்தில் இந்தக் கணக்கை மிக நுட்பமாகப் போட்டுப் பார்த்தவர்கள், சிவப்பு ஒயினுக்காகத் திராட்சை பயிரிடுகிறவர்களும் அதை வாங்கி விற்ற வணிகர்களும்தான். ஒரே ரகக் கொடி மலைச் சரிவில் ஒரு விதமாகவும், ஆற்றங்கரைப் பள்ளத்தில் வேறு விதமாகவும் காய்ப்பதை அவர்கள் பல தலைமுறைகளாகப் பார்த்து, அதற்கேற்ப விலையும் வைத்திருக்கிறார்கள்.

ஒயினைப் பற்றி மளிகைக் கடைக்காரர்களுக்கு என்ன பேச்சு என்று சில உறுப்பினர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். புதுவையில் அதற்குத் தனி லைசென்ஸ், தனிக் கடை, தனி வியாபாரம். நாம் அதை விற்பதில்லை. இந்தக் கட்டுரை யாரையும் குடிக்கச் சொல்வதற்கும் எழுதப்படவில்லை. ஆனால் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் கடை வாசலில் நாலு பெட்டி பன்னீர் திராட்சை வைத்து விற்கும் நம் உறுப்பினர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய குறை நமக்குத் தெரியும். பெயர் ஒன்று, நிறம் ஒன்று, ரேட்டும் ஒன்று. போன வாரம் வந்த பெட்டி இரண்டு நாள் தாங்கியது, இந்த வாரம் வந்தது மறுநாள் காலையிலேயே பாதி உதிர்ந்து பெட்டியின் அடியில் கிடக்கிறது. லாரிக்காரரையும் மண்டியையும் குறை சொல்கிறோம். சில சமயம் அது சரியாகவும் இருக்கும். பல சமயம் காரணம் தோட்டத்து மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஒயின்காரர்களின் அனுபவம் நமக்கு உதவும்.

தோலில்தான் சரக்கு

ஒரு கறுப்புத் திராட்சையை எடுத்து மெதுவாகப் பிதுக்கிப் பாருங்கள். வெளியே வரும் சாறு ஏறக்குறைய நிறமற்றதாகவே இருக்கும். நிறம் முழுவதும் தோலில் இருக்கிறது. டானின் என்று சொல்லப்படும் துவர்ப்புச் சத்தும் பெரும்பாலும் தோலிலும் கொட்டையிலும் இருக்கிறது. சிவப்பு ஒயின் செய்கிறவர்கள் பழத்தை நசுக்கி, தோலோடும் கொட்டையோடும் சேர்த்தே நாட்கணக்கில் புளிக்க வைப்பதன் காரணம் இதுதான். தோலை உடனே எடுத்துவிட்டால் கறுப்புத் திராட்சையிலிருந்தும் வெள்ளை ஒயின்தான் வரும்.

ஆகவே தோல் எவ்வளவு, சாறு எவ்வளவு என்ற விகிதம் முக்கியமாகிறது. பத்து கிலோ சின்ன வெங்காயத்தை உரித்தால் சேரும் தோல், பத்து கிலோ பெரிய வெங்காயத்தில் சேராது. திராட்சையும் அதே போல. காய் சிறுத்தால் தோல் பங்கு கூடும். நிறமும் துவர்ப்பும் மணமும் கூடும். காய் பருத்தால் சாறு கூடும், மற்றவை நீர்த்துப் போகும்.

காயைச் சிறுக்க வைப்பதும் பருக்க வைப்பதும் முதலாவதாகத் தண்ணீர். இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லிவிட வேண்டும். கல் நிறைந்த மண்ணில் விளைந்த ஒயினில் கல்லின் ருசி இருக்கும், சுண்ணாம்பு மண்ணில் விளைந்ததில் சுண்ணாம்பு ருசி இருக்கும் என்று விளம்பரக்காரர்கள் எழுதுவதுண்டு. மண்ணியல் படித்தவர்கள் இதை ஏற்பதில்லை. வேர் உறிஞ்சும் தாதுக்கள் மிகச் சொற்பம், அவை நாக்கில் தெரியும் அளவுக்குப் பழத்தில் சேருவதில்லை. மண் செய்யும் வேலை வேறு. தண்ணீரை எவ்வளவு பிடித்து வைக்கிறது, எவ்வளவு சீக்கிரம் வடிய விடுகிறது, பகல் சூட்டை எப்படி வாங்கி எப்படி விடுகிறது, தழைச்சத்தை எவ்வளவு கொடுக்கிறது, வேரை எவ்வளவு ஆழம் போக விடுகிறது ஆகியவையே கணக்கு.

மலைச் சரிவில் மண் மெல்லியது. பெய்த மழை நிற்காமல் ஓடிவிடும். கொடி பாறை இடுக்குகளில் வேரை ஆழமாக இறக்கித்தான் பிழைக்க வேண்டும். இலை குறைவு, குலை சிறிது, காய் சிறிது. மேலே போகப் போக வெப்பமும் குறைகிறது. நூறு மீட்டர் ஏறினால் பாகை செல்சியஸில் அரைக்கு மேல் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் வெயிலின் கடுமை, குறிப்பாகப் புற ஊதாக் கதிர், மலையில் அதிகம். அதைத் தாங்க காய் தன் தோலில் நிறத்தைக் கூட்டிக்கொள்கிறது. இரவு குளிர்ந்தால் பழத்தின் புளிப்பு வீணாகாமல் நிற்கும். பகலில் சேர்ந்த இனிப்பும் இரவில் காப்பாற்றப்பட்ட புளிப்பும் சேர்ந்துதான் ஒயினுக்கு முதுகெலும்பு.

பள்ளத்தாக்கில் ஆறு பல ஆயிரம் வருடங்களாகக் கொண்டு வந்து கொட்டிய வண்டல் இருக்கிறது. மண் ஆழம், ஈரம் நிலைத்து நிற்கும், தழைச்சத்துக்குக் குறைவில்லை. கொடி தழைத்துப் படரும். குலை பெரிது, காய் பெரிது, தோல் மெல்லியது, மகசூல் அதிகம். அப்படிப்பட்ட பழத்தின் ஒயின் மிருதுவாக இருக்கும், சீக்கிரமே குடிக்கத் தகுதியாகிவிடும்.

இதில் எது உயர்ந்தது என்று கேட்டால், வியாபாரியாக நாம் சொல்லும் பதில் வேறு. மலை ஒயின் இளசாக இருக்கும்போது வாயைக் கட்டும் அளவுக்குத் துவர்க்கும், பீப்பாயிலும் பாட்டிலிலும் வருடக்கணக்கில் வைக்க வேண்டும். அத்தனை வருடமும் முதல் முடங்கிக் கிடக்கும். பள்ளத்தாக்கு ஒயின் அடுத்த வருடமே காசாகும். முதல் இருப்பவன் மலையில் போடுவான், சுழற்சி வேண்டுகிறவன் பள்ளத்தில் போடுவான்.

பிரான்சு நாட்டுத் தரகர்கள்

பிரெஞ்சுக்காரர்கள் நம்மோடு 1954 வரை இருந்தவர்கள். அவர்கள் நாட்டில் இந்த மண் கணக்கைப் பதிவு செய்தவர்களில் வணிகர்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது நம் போன்றவர்களுக்குச் சுவையான செய்தி.

ரோன் நதிக்கரையில் தேன் என்ற சிற்றூருக்கு மேலே ஹெர்மிடேஜ் என்ற கருங்கல் குன்று இருக்கிறது. தெற்கு நோக்கிய செங்குத்தான சரிவு, மண் மெல்லியது, முழு வெயில். அங்கே விளையும் சிரா என்ற கறுப்புத் திராட்சையின் ஒயின் மிகக் கெட்டியானது. மேற்கே கடலோரச் சமவெளியில் இருக்கும் போர்தோ நகர வணிகர்கள், தங்கள் ஒயின் நிறமும் வலுவும் குறைந்து போன ஆண்டுகளில், இந்தக் குன்று ஒயினை வாங்கிக் கலந்தார்கள். 18, 19 ஆம் நூற்றாண்டுகளில் இது சாதாரண வழக்கம். இதை எப்போதும் மறைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. ஹெர்மிடேஜ் கலந்தது என்று சொல்லியே கூடுதல் விலைக்கு விற்றவர்களும் உண்டு. சமவெளிச் சரக்குக்கு மலைச் சரக்கு முட்டுக் கொடுத்தது.

அதே போர்தோவில் மலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஆனாலும் மேடோக் என்ற பகுதியில் ஆறு ஒதுக்கிய சரளைக் கல் மேடுகள் சில மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கின்றன. சரளையில் தண்ணீர் நிற்காது, பகல் சூட்டையும் பிடித்து வைக்கும். அங்கே காபர்நே சோவிஞ்ஞோன் என்ற தாமதமாகப் பழுக்கும் ரகம் நன்றாக வந்தது. ஆற்றுக்கு அப்பால் பொமெரோல் பக்கம் குளிர்ச்சியான களிமண், அங்கே சீக்கிரம் பழுக்கும் மெர்லோ. 1855 இல் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ தோட்டங்களைத் தரம் பிரித்துப் பட்டியல் போட வேண்டியிருந்தது. அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் விஞ்ஞானிகள் அல்லர், ஒயின் தரகர்கள். அவர்கள் மண்ணைத் தோண்டிப் பார்க்கவில்லை. எந்தத் தோட்டத்துச் சரக்கு நெடுங்காலமாக என்ன விலைக்குப் போயிற்று என்ற கணக்கைப் பார்த்து ஐந்து தரமாகப் பிரித்தார்கள். முதல் தரத்தில் நான்கு தோட்டங்கள். 1973 இல் மூத்தோன் என்ற தோட்டம் முதல் தரத்துக்கு ஏற்றப்பட்டது தவிர, அந்தத் தர வரிசை இன்றும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. விலைக் கணக்கில் மேலே வந்த தோட்டங்கள் பெரும்பாலும் நல்ல சரளை மேட்டில் இருந்தவையே. மண்ணின் தரம் சிட்டைப் புத்தகத்தில் ஏறியிருந்தது என்று சொல்லலாம்.

ரோன் நதியின் தெற்கே ஷத்தோநேஃப் து பாப் என்ற ஊரில் இன்னொரு வேடிக்கை. தோட்டம் முழுக்கக் கைக்கு அடங்காத உருண்டைக் கற்கள். பகலில் சூடேறி இரவிலும் கொடியின் அடியில் கதகதப்பு கொடுக்கும். பெயரைப் போட்டுக் கலப்படச் சரக்கு விற்பவர்கள் தொல்லை தாங்காமல், 1923 இல் அந்த ஊர்ப் பயிர்க்காரர்களே தங்களுக்கு விதி எழுதிக்கொண்டார்கள். லவண்டர், தைம் போன்ற வறண்ட நிலத்து மூலிகைச் செடிகள் முளைக்கும் அளவுக்கு ஏழை மண்ணாக இருந்தால்தான் அந்த நிலத்துத் திராட்சைக்கு ஊர்ப் பெயர் உண்டு என்று வைத்தார்கள். நல்ல நஞ்சை வைத்திருப்பவனுக்கு அங்கே பெயர் இல்லை! மகசூலுக்கும் உச்சவரம்பு வைத்தார்கள். இன்றைய விதிப்படி ஒரு ஹெக்டேரில் 35 ஹெக்டோ லிட்டர், அதாவது 3,500 லிட்டர் ஒயின். பழமாகக் கணக்கிட்டால் ஐந்து டன்னுக்கும் குறைவு. இந்த ஐந்து டன் கணக்கை நினைவில் வையுங்கள், கம்பத்துக்கு வரும்போது தேவைப்படும்.

மலையும் பள்ளத்தாக்கும் பக்கத்திலேயே இருக்கும் இடம் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் நாபா. இரண்டு பக்கமும் மலைத் தொடர், நடுவே நீளமான பள்ளம். இரவில் கடல் பக்கமிருந்து மூடுபனி உள்ளே வந்து பள்ளத்தை நிரப்பிவிடும். காலை வரை பள்ளத்துக் கொடிக்கு வெயில் கிடையாது, மதியம் நல்ல சூடு. ஹவல் மலை போன்ற மேட்டுத் தோட்டங்கள் அந்தப் பனிக்கு மேலே இருக்கின்றன. விடிந்ததுமே வெயில், மதியம் பள்ளத்தை விடக் குளுமை, இரவில் பள்ளத்தை விடக் கதகதப்பு. ஏனென்றால் குளிர்ந்த காற்று கனமானது, சரிந்து பள்ளத்தில்தான் தங்கும். மேலே இருப்பது எரிமலைப் பாறை உதிர்ந்த ஏழை மண், கீழே ஆற்று வண்டல். அதே காபர்நே ரகம் மேலே சிறு காய், கறுத்த நிறம், கடும் துவர்ப்பு. கீழே பருத்த காய், மிருதுவான ருசி. சில மைல் தூரத்துக்குள் இவ்வளவு வித்தியாசம்.

நம் பள்ளத்தாக்கு

இப்போது தேனி மாவட்டத்துக்கு வருவோம். கம்பம் பள்ளத்தாக்கும் இரு பக்கமும் மலை, நடுவே பள்ளம் என்ற அமைப்புதான். மேற்கே கேரள எல்லை மலைகள், கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகள். தென்மேற்குப் பருவமழையின் கனத்தை மலை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. இந்தப் பக்கம் காற்றும் சாரலுமாக வரும். மழை குறைந்தாலும் தண்ணீர் உண்டு. 1895 இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் இறங்குகிறது. வானம் வறண்டிருக்க, தண்ணீர் விவசாயியின் கையில் இருக்க, திராட்சைக்கு வேறென்ன வேண்டும்? கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, உத்தமபாளையம் பகுதிகளில் பந்தல் போட்டுப் பன்னீர் திராட்சை விளைகிறது. ஆங்கிலத்தில் மஸ்கட் ஹாம்பர்க் என்பார்கள். 1832 இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்த திராட்சை என்று அங்கே சொல்வது வழக்கம். 2023 இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் கொடி இலை உதிர்த்து நாலைந்து மாதம் தூங்கும். வருடத்துக்கு ஒரு காய்ப்புதான். நம் பக்கம் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் கொடிக்குத் தூக்கமே கிடையாது. எப்போது கவாத்து செய்கிறோமோ அப்போது துளிர்த்து, சுமார் நான்கு மாதத்தில் பழம் தரும். மார்கழி, தை வாக்கில் கவாத்து செய்தால் சித்திரையில் வெட்டு. வைகாசி, ஆனியில் கவாத்து செய்தால் ஆவணி, புரட்டாசியில் வெட்டு. சிலர் இரண்டு வருடத்தில் ஐந்து போகம்கூட எடுக்கிறார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாளை மாற்றி வைப்பதால்தான் ஏறக்குறைய வருடம் முழுக்க நமக்கு லோடு வருகிறது. உலகத்தில் பல திராட்சை நாடுகளுக்குக் கிடைக்காத வசதி இது.

வசதிக்கு விலையும் உண்டு. பன்னீர் ரகத்துக்கு விவசாயப் பல்கலைக்கழகம் சொல்லும் மகசூல் வருடத்துக்கு ஹெக்டேருக்குச் சுமார் 30 டன். ஷத்தோநேஃப் தோட்டத்தின் ஐந்து டன்னுக்கும் குறைவான கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கொடி ஆறு மடங்கு பழத்தைச் சுமந்தால் ஒவ்வொரு காய்க்கும் கிடைக்கும் பங்கு எவ்வளவு இருக்கும்? இரவும் போதிய அளவு குளிர்வதில்லை. சூடான இரவில் தோலின் நிறமும் புளிப்பும் குறையும். ஒரே குலையில் கறுப்பும் சிவப்பும் பச்சையுமாகக் காய் கலந்து வருவது பன்னீரின் பழைய நோய். இதற்காக எத்ரல் கரைசலில் குலையை நனைப்பது உண்டு. பரிந்துரைத்த அளவில் செய்யலாம்தான். ஆனால் அதனால் ஒரு விளைவு நமக்கு: நிறத்தை மட்டும் பார்த்து இனிப்பை முடிவு செய்ய முடியாது.

கம்பம் பழத்தில் சிவப்பு ஒயின் ஆகாதா என்று கேட்டால், ஆகும். சீனாவில் தியான்ஜின் பக்கம் இந்த ரகத்திலிருந்து ஒயின் செய்கிறார்கள். கேரளத்தில் கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டு ஒயினுக்குக் கறுப்புத் திராட்சை வாங்கும் வழக்கம் இருப்பதை அந்தப் பக்கம் சரக்கு அனுப்புகிறவர்கள் அறிவார்கள். ஆனால் ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால்தான் ஒரு சதவீத ஆல்கஹால் வரும். 13 சதவீதம் வேண்டுமானால் 220 கிராம் அளவு வேண்டும். சாப்பிடும் பழமாக வெட்டப்படும் பன்னீரில் அது இருக்காது. அதனால்தான் வீட்டு ஒயினில் சர்க்கரையைக் கொட்டுகிறார்கள். மணம் இருக்கும், நிறம் இளசாக இருக்கும், நாள்பட வைக்க ஏற்றதல்ல. பள்ளத்தாக்குப் பழத்தின் குணம் அது. சாப்பிடும் பழமாக அதற்கு ஈடு கிடையாது என்பதும் நம் கருத்து. கொட்டையில்லாத பழத்தில் இந்தப் பன்னீர் வாசனை ஏது?

நம் நாட்டில் ஒயினுக்கென்றே பயிரிட்டவர்கள் உயரமான இடத்தைத் தேடிப் போனதைக் கவனிக்க வேண்டும். பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரத்தில் குரோவர் நிறுவனம் 1988 இல் தொடங்கியது. நாசிக்கில் சூலா நிறுவனம் 1999 இல் வந்தது. இரண்டும் மேட்டு நிலம். நாசிக்கில் மார்கழி, தை இரவுகள் நன்றாகக் குளிரும். அங்கே சித்திரையில் ஒரு கவாத்து செய்து கொடியைத் தயார் செய்து, ஐப்பசி வாக்கில் மறு கவாத்து செய்து, தையிலிருந்து பங்குனிக்குள் ஒரே வெட்டு எடுக்கிறார்கள். கொடி தானாகத் தூங்காவிட்டாலும் மனிதன் கத்தரிக்கோலால் ஒரு பருவத்தை உண்டாக்கி, பழம் முற்றும் நாளைக் குளிர் இரவில் கொண்டு வந்து வைக்கிறான்.

வெப்பம் கூடிக்கொண்டே வருவதால் வெளிநாட்டிலும் மேலே ஏறுகிறார்கள். அர்ஜென்டினாவில் மென்டோசா பகுதியில் கத்தேனா என்ற குடும்பத்தார் 1992 இல் ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் தோட்டம் போட்டார்கள். அந்த உயரத்தில் பழுக்காது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஸ்பெயினில் தோரஸ் நிறுவனம் பிரினீஸ் மலை அடிவாரத்தில் நிலம் வாங்கியது. போர்தோவில் 2021 இல் வெப்பம் தாங்கும் புது ரகங்களுக்கே அனுமதி கொடுத்துவிட்டார்கள். கம்பத்துக்காரர்கள் எங்கே ஏறுவார்கள்? மேலே இருப்பது காடு. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். அங்கே பந்தல் போட முடியாது, போடவும் கூடாது. ஆகவே இருக்கும் பள்ளத்தில், இருக்கும் தண்ணீரைக் கொண்டுதான் தரத்தைக் காப்பாற்ற வேண்டும். அந்த இடத்தில்தான் வியாபாரிகளாகிய நம் பங்கு வருகிறது.

எடைக்குக் காசு

வெட்டுக்கு முன் சில நாள் தண்ணீரைக் குறைத்தால் பழத்தில் இனிப்பு ஏறும், தோல் கொஞ்சம் கெட்டிப்படும், உதிர்வு குறையும். ஆனால் எடை குறையும். தோட்டத்தில் கொள்முதல் கிலோ கணக்கில்தான் நடக்கிறது. மண்டியில் பருத்த காய்க்குத்தான் முதலில் கை போகிறது. அப்படியிருக்க, தண்ணீரை நிறுத்தி எடையை இழக்க விவசாயிக்கு என்ன பைத்தியமா? கடைசி நாள் வரை பாய்ச்சுகிறார். காய் பலூன் போல ஊதுகிறது. காம்பு தாங்குவதில்லை. அந்தத் தண்ணீருக்கு முதலில் காசு கொடுப்பது மொத்த வியாபாரி, பிறகு சில்லறைக் கடைக்காரர், கடைசியில் பிள்ளைக்குப் பழம் வாங்கிப் போகும் அம்மா.

கணக்குக்காக ஒன்று சொல்கிறோம். பத்து கிலோ பெட்டி கிலோ 60 ரூபாய் வீதம் 600 ரூபாய். அதில் இரண்டு கிலோ உதிர்ந்து வீணானால் விற்கும் எட்டு கிலோவின் அடக்க விலை 75 ரூபாய். கிலோ 70 ரூபாய் வீதம் 700 ரூபாய்க்கு வாங்கிய பெட்டியில் அரை கிலோதான் சேதாரம் என்றால் அடக்கம் 73 ரூபாய் 70 காசுக்குள். ரேட் கூடிய பெட்டிதான் மலிவு. இந்தக் கணக்கை மண்டியில் நின்று ஐந்து நிமிடம் போடுகிறவர்கள் நம்மில் குறைவு. ஐந்து ரூபாய் குறைத்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் வண்டி ஏறிவிடுகிறோம்.

பெட்டியைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில. காம்பு பச்சையாக இருக்க வேண்டும், காய்ந்து பழுப்பாகியிருந்தால் வெட்டி நாளாகிவிட்டது. காயின் மேல் சாம்பல் பூத்தது போன்ற மெல்லிய படலம் அழியாமல் இருந்தால் கை அதிகம் படாத பழம். அதை மருந்து என்று வாடிக்கையாளர் பயந்தால், இயற்கையான மெழுகுப் பூச்சு என்று எடுத்துச் சொல்லலாம், இருந்தாலும் கழுவிச் சாப்பிடச் சொல்வது நல்லது. நாம் கடையில் கழுவி வைக்கக் கூடாது, ஈரம் பட்டால் பூஞ்சணம். ருசி பார்க்கும்போது குலையின் மேல் பக்கத்துக் காயை எடுக்காதீர்கள். நுனிக் காய்தான் கடைசியில் பழுக்கும், அது இனித்தால் குலை முழுவதும் இனிக்கும். கொட்டையைக் கடித்துத் துப்பிப் பாருங்கள்: பழுப்பு நிறமாக இருந்தால் முற்றிய பழம், பச்சையாக இருந்தால் நிறம் மட்டும் ஏற்றிய பழம். பிறகு ஒரு குலையைக் காம்பில் பிடித்து லேசாக உலுக்கினால் மீதிக் கதை தெரிந்துவிடும்.

ஊர்ப் பெயர் விஷயமும் சொல்லியாக வேண்டும். கம்பம் என்று சீட்டில் எழுதி வேறு பக்கத்துக் கறுப்புத் திராட்சையைக் கலந்து அனுப்பிய ஒரு கமிஷன் கடையின் லோடை நாம் ஒரு முறை இறக்காமல் திருப்பி அனுப்பினோம். மூக்கருகில் கொண்டு போனால் பன்னீர் வாசனை இல்லை, தோல் ரப்பர் போல வழுக்கிக் கழன்றது. வேறு ஊர்ப் பழம் தரக்குறைவு என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதை அதன் பெயரிலேயே, அதன் விலைக்கே விற்கலாமே. பிரான்சில் கலப்பட ஒயினால் விலை சரிந்து, 1907 இல் தெற்குப் பகுதித் திராட்சை விவசாயிகள் லட்சக்கணக்கில் தெருவில் திரண்டார்கள். அதற்குப் பிறகு படிப்படியாக விதிகள் வந்து, 1935 இல் ஊர்ப் பெயரைக் காக்கும் முழு ஏற்பாடு சட்டமாயிற்று. நம் நாட்டில் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999 இல் இயற்றப்பட்டு 2003 இல் நடைமுறைக்கு வந்தது. பதிவான ஊர்ப் பெயரைப் பொய்யாகப் போட்டு விற்பது அந்தச் சட்டப்படி குற்றம். பெட்டியில் அந்தப் பெயரை எழுதுகிறவருக்கு மட்டுமல்ல, தெரிந்தே விற்கிறவருக்கும் அது பொருந்தும் என்பதை நம் உறுப்பினர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இந்த வெட்டுக்கு நாம் ஒரு சிறு ஏற்பாடு செய்யலாம் என்று எண்ணுகிறோம். லோடு எடுக்கும் உறுப்பினர்கள் பெட்டி எந்த ஊர்த் தோட்டம், வெட்டிய நாள் எது, வெட்டுக்கு எத்தனை நாள் முன் தண்ணீர் நிறுத்தினார்கள் என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். சில்லறைக் கடைக்காரர்கள் அந்தச் சீட்டைக் கிழிக்காமல் வைத்து, அதன் பின்பக்கம் மூன்று விஷயம் மட்டும் குறிக்கலாம்: எத்தனை கிலோ உதிர்ந்தது, எத்தனை நாள் தாங்கியது, வாடிக்கையாளர் மறுபடி கேட்டாரா. மூன்று மாதச் சீட்டு சேர்ந்தால் எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு கூட்டிக் கொடுக்கலாம் என்பது நமக்கே தெரிந்துவிடும், மண்டியிலும் ஆதாரத்தோடு பேசலாம். ஐப்பசி, கார்த்திகை மழைப் பழத்துக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது. அப்போது வானம் பாய்ச்சும் தண்ணீரை யாரும் நிறுத்த முடியாது, காய் வெடிக்கும், நோய் விழும். அந்த இரண்டு மாதம் பெட்டியைக் குறைத்து எடுத்து, அன்றன்றைக்கு விற்றுவிடுவதே உத்தமம். சீட்டுகளை வில்லியனூர் பக்கத்து உறுப்பினர்கள் நம் கடையிலேயே கொடுக்கலாம். பாகூர் பக்கத்து உறுப்பினர்கள் மாதாந்திரக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வந்தால் போதும்.